நம் நூலகத்தில் என்ன இல்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமா?

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொது நூலகத்துக்கு எதிரே, படிக்கட்டை ஒட்டினாற்போல ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறதே, அந்தக் கடைக்காரன் எழுதுகிறேன். 2025 மே தேர்தலின்போது உங்களில் பலர் துண்டுப் பிரசுரம் அடிக்க என்னிடம் வந்தீர்கள். எந்தக் கட்சிக்கும் ஒரே விலைதான் போட்டேன். இந்தக் கடிதத்தையும் அப்படியே வாசிக்க வேண்டுகிறேன்.

ஒக்டோபர் வாசிப்பு மாதக் கூட்டத்தில், நம் நூலகத்தில் பல்லாயிரக்கணக்கான நூல்கள் இருப்பதாக மேடையில் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கூட்டம் முடிந்து கடைக்குத் திரும்பினால் வாசலில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று நிற்கிறது. "அண்ணே, பயோவுக்குப் புது சிலபஸ் புத்தகம் லைப்ரரியில இல்லையாம். யாராச்சும் நோட்ஸ் அடிச்சதுல மிச்சம் இருக்குங்களா?"

பல்லாயிரம் இருக்கிற இடத்தில் அவளுக்கு வேண்டிய ஒன்று இல்லை. அன்றைக்கு மனதில் விழுந்த முள்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இதில் என்ன தகுதி என்று கேட்கலாம். இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா வகுப்புக்கு ஓர் ஆண்டு போனேன். வீட்டுக் கஷ்டத்தில் நிறுத்திவிட்டேன். அரைகுறைப் படிப்புத்தான். ஆனால் ஒன்பது வருடமாக நூலகத்தின் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போனவர் எந்த முகத்தோடு வெளியே வருகிறார் என்பது எனக்கு அத்துப்படி.

முதலில் அந்தப் பல்லாயிரம். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? புத்தகம் வந்து சேர்ந்ததும் பதிவேட்டில் அதற்கு ஓர் இலக்கம் விழும். பதிவேட்டின் கடைசி இலக்கம் எதுவோ, அதுதான் மேடையில் சொல்லப்படும் தொகை. அந்த இலக்கம் ஏறுமே தவிர இறங்காது. கொழும்புக்கு வேலைக்குப் போனவரின் பெட்டியோடு போன புத்தகமும், கரையான் தின்றதும், நடுப்பக்கம் கிழிக்கப்பட்டு அட்டை மட்டும் நிற்பதும் அந்தத் தொகைக்குள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

சரி, தொகை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இஃப்லா எனப்படும் சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு ஓர் அளவு சொல்கிறது: பொது நூலகங்களில் ஆளுக்கு 1.5 முதல் 2.5 புத்தகம் வரை இருக்க வேண்டும், மிகச் சிறிய நூலகத்திலும் 2,500க்குக் குறையக்கூடாது. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்துப் 11 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தோம். ஆளுக்கு ஒன்றரை என்று பார்த்தாலும் மாவட்டத்துக்குப் 10 இலட்சத்துக்கு மேல் புத்தகம் வேண்டும். அதை வைக்க நம்மிடம் கட்டடமும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. எண்ணிக்கையில் ஓடி நாம் ஜெயிக்கப் போவதில்லை. அதனால்தான் இருக்கிற ஒவ்வொரு புத்தகமும் இடத்துக்கு வாடகை கொடுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

அதைப் பார்க்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் திகதித் தாளே போதும்.

போன மழைக்காலத்தில் நூலகரிடம் அனுமதி கேட்டு மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன். (நூலகரைப் பற்றி ஒரு சொல் குறை இல்லை. ஒரே ஆளாக இரவல் மேசையும் பார்த்து, தண்ணீர் ஒழுகும் இடத்துக்கு வாளியும் வைக்கிறார்.) தட்டில் பத்துக்கு ஒரு புத்தகம் என்று உருவி, மூன்று விஷயம் குறித்தேன்: எந்த ஆண்டு அச்சானது, கடைசியாக எப்போது இரவல் போனது, இன்றைக்கு அதை நம்பிப் படிக்கலாமா.

கணினிப் பகுதியில் விண்டோஸ் 98 கற்றுத்தரும் நூல், அதுவும் இரண்டு பிரதி. அறிவியலில் புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கிரகம். 2006இலேயே அதைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள், அந்தச் செய்தி நம் மலைக்கு ஏறவில்லை போலும். அரசியலமைப்பு பற்றிய கைநூல் 19ஆம் திருத்தத்தையே அறியாது. அதற்குப் பிறகு 20, 21 வந்துவிட்டன. போட்டிப் பரீட்சைக்கு அதைப் படித்துவிட்டுப் போகும் பையன் தப்பான பதிலைத்தான் எழுதுவான். தட்டில் புத்தகமே இல்லாவிட்டால் வேறெங்காவது தேடியிருப்பான். பிழையான புத்தகம் அவனைத் தேடவிடாமல் செய்துவிடுகிறது.

பழைய மருத்துவ நூல்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவுக்கு என்ன சாப்பிடலாம் என்று யாராவது அதைப் பார்த்துச் சமைக்காமல் இருந்தால் சரி.

பத்துக்கு ஒன்று என்று உருவியதில் பாதிக்கு மேற்பட்டவற்றின் திகதித் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. இதற்காக நம் நூலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தை ஆராய்ந்து 1979இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை என்று கண்டார்கள். பேராசிரியர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த இடத்திலேயே அந்த நிலைமை.

ஆனால் மூன்றாவது சனிக்கிழமை ஒரு புத்தகம் கையில் வந்தது. அட்டை போய்ப் பழைய கலண்டர் தாளால் அட்டை போட்ட ஒரு மலையக நாவல். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு திகதித் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பி, மூன்றாவது பாதியில் நிற்கிறது. நடுவில் பக்க அடையாளத்துக்கு யாரோ வைத்த கொழுந்துச் சீட்டு. இத்தனை பேர் தேடிப் படித்த அந்த நாவலுக்கு நம்மிடம் இருப்பது ஒரே பிரதி, அதிலும் எட்டுப் பக்கம் இல்லை. அடுத்த இறாக்கையில் யாரோ அன்பளிப்பாகத் தந்த வாழ்க்கை வரலாறு இருபத்துச் சொச்சம் பிரதி, பொலித்தீன் உறை பிரிக்காமல். பதிவேட்டுக் கணக்குப்படி அந்த இறாக்கைதான் பணக்கார இறாக்கை.

திகதித் தாளை மட்டும் நம்பச் சொல்லவும் மாட்டேன். இரவல் கணக்கை மட்டும் பார்த்தால் குடும்ப நாவலும் துப்பறியும் கதையும் தவிர வேறெதையும் வாங்க முடியாது. உசாத்துணைப் பகுதி நூல் வெளியே போவதே இல்லை, அதற்கு முத்திரை ஏது? சிறுவர் பகுதியில் பிள்ளைகள் வாங்கிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டு, அம்மா மரக்கறி வாங்கி வந்ததும் ஓடிவிடுவார்கள். இதற்கும் எளிய வழி உண்டு. மேசையில் விட்டுப்போன புத்தகங்களைத் திரும்பத் தட்டில் வைக்கும் முன், எந்தப் பகுதி நூல் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டால் போதும். மாதத்தில் ஒரு வாரம் செய்தாலே படம் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தின் ஒரு பகுதி என் கடையில் ஏற்கனவே இருக்கிறது. நூலகத்திலிருந்து என் மெஷினுக்கு வருபவை எவை? கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பயிற்சிகளும்தான் முதலில். அப்புறம் பேச்சுச் சிங்களம் கற்கும் நூல். அந்த நூலின் முதல் முப்பது பக்கத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன், அவ்வளவு தடவை அடித்திருக்கிறேன். பிறகு வர்த்தமானியில் வரும் வேலை விளம்பரம். பஞ்சாங்கத்தில் முகூர்த்தப் பக்கமும் உண்டு, மறைப்பானேன். (முழுப் புத்தகம் அடிப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் எனக்கும் தெரியும்.) நல்ல புத்தகம் போதிய பிரதி வந்தால் என் வியாபாரம் கொஞ்சம் படுக்கும். பரவாயில்லை, திருமணப் பத்திரிகை இருக்கிறது.

இவை எல்லாம் இருக்கிற புத்தகத்தைப் பற்றிய கணக்கு. இல்லாத புத்தகத்தைப் பற்றிய கணக்கை யாரும் எழுதுவதில்லை. இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் அக்கா வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், தோட்டத்தில் வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். "சர்வீஸ் பணம் எவ்வளவு வரணும்னு தமிழ்ல போட்டிருக்கிற புத்தகம் ஏதும் இருக்கா தம்பி? லைப்ரரியில கேட்டேன், இல்லேன்னுட்டாங்க." சட்டப் பகுதியில் இருந்தது, நான் மேலே சொன்ன அந்தப் பழைய அரசியலமைப்புக் கைநூல்தான். இணையத்தில் தேடி, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கு. சேமலாப நிதிக்குத் தோட்டம் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் கட்ட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு தாளில் அடங்கிவிட்டது. அந்த ஒரு தாள் நம் நூலகத்தில் இல்லை. அவர் கேட்டார், இல்லை என்றார்கள், போய்விட்டார். அந்த "இல்லை" எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகவே அடுத்த ஆண்டும் அதை யாரும் வாங்கப் போவதில்லை.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகம் படிப்பவர்கள் இன்றைக்கும் முதல் பாடமாக அவற்றைத்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. உறை பிரிக்காத அந்த இருபது பிரதி மூன்றாம் விதிக்குத் தோற்றது. அந்த அக்கா விஷயத்தில் நாம் இரண்டாம் விதிக்குத் தோற்றோம்.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். இந்த மலையில் உள்ள நூலகத்தில் எது இருந்தே தீர வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தேடினேன். மலையக எழுத்தாளர்களில் மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். ராமையா, கோகிலம் சுப்பையா, தெளிவத்தை ஜோசப், சாரல்நாடன். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையர் பற்றி ஏதாவது ஒன்று. நம் மக்களை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பற்றித் தமிழில் ஒரு நூல். பட்டியலில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது, கிடைத்ததிலும் சில படிக்கிற நிலையில் இல்லை. நம் மக்கள் இந்த மலைக்கு வந்து இருநூறு ஆண்டு என்று, 2023இல் மலையகம் 200 என ஊரெல்லாம் பதாகை கட்டினோம். அந்தப் பதாகைக்கான செலவில் நாலில் ஒரு பங்கு இந்தத் தட்டுக்கு வந்திருக்கலாம்.

நூல்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 633.72 என்பது தேயிலை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது, தலவாக்கலையில்தான் இருக்கிறது. சுற்றிவரத் தேயிலை, நடுவில் நூலகம். 633.72இல் தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வீட்டுத் தோட்டத்தில் கோவா நடுவது எப்படி என்று ஒரு சிறு நூல், அதுவும் இடம் மாறி வந்தது.

மண்சரிவு பற்றியும் தேடினேன். மழை தொடங்கினால் நிலச்சரிவு எச்சரிக்கை வருகிற மாவட்டம் இது. சுவரில் வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், சாயும் மரம் என்று அறிகுறிகளைச் சொல்லும் ஒரு துண்டு வெளியீடுகூடத் தட்டில் இல்லை.

இதைச் சொல்லும்போது சிங்களப் பகுதியோடு ஒப்பிட்டுச் சண்டைக்கு வருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கேயும் அதே தூசிதான், போய்ப் பார்த்தேன். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர் மலையகத் தமிழர் என்பதால் தமிழ்ப் பகுதியின் குறை கூடுதல் பேரைத் தொடுகிறது, அவ்வளவுதான்.

இனி, கழிப்பது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பழையதைக் கழிக்காமல் புதியதற்கு இடமில்லை. 1976இல் டெக்சாஸ் மாநிலச் சிறு நூலகங்களுக்காக ஒரு கைநூல் எழுதினார்கள், இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். அதன் கணக்கில் கணினி நூலுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு, மருத்துவத்துக்கு ஐந்து ஆண்டு ஆயுள். நம்மிடம் ஏன் அது நடப்பதில்லை? நூலகரைக் கேட்டால் ஒரே சொல்லில் பதில்: ஓடிட். கழித்த புத்தகத்துக்குக் கணக்காய்வில் தான் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயப்படுகிறார். யார்தான் சம்பளத்தைப் பணயம் வைத்து விண்டோஸ் 98ஐக் குப்பையில் போடுவார்?

பயம் அவருக்கு மட்டுமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தியதில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதற்குப் பிறகு ஒரு தமிழனிடம் போய்ப் புத்தகத்தைத் தூக்கி எறி என்று சொல்ல எனக்கே நா எழவில்லை. அதனால்தான் இதைத் தனி ஆளின் தலையில் கட்டாமல் சபையே தீர்மானம் நிறைவேற்றி, ஒரு சிறு குழுவை வைத்து, பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிச் செய்யச் சொல்கிறேன். ஒரு நிபந்தனை: மலையகத்தில் அச்சான எதுவும், கோயில் மலர், பாடசாலை மலர், தொழிற்சங்க வெளியீடு, நின்றுபோன சிற்றிதழ், எவ்வளவு கிழிந்திருந்தாலும், யாரும் இரவல் எடுக்காவிட்டாலும், அந்தக் குழுவின் கையில் போகக்கூடாது. அவற்றுக்குத் திகதித் தாள் அளவுகோல் பொருந்தாது. தனி அலமாரியில் வைத்து, 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்தோடு பேசி ஸ்கேன் எடுக்கப் பாருங்கள். நம் மூடுபனிக்கும் பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தாள் அதிக காலம் தாங்காது.

வாங்குவதைப் பற்றி நீட்டப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஜனவரியில் பாதீடு, டிசம்பர் 31க்குள் காசு செலவாக வேண்டும், கடைசி இரண்டு வாரத்தில் அவசர அவசரமாக ஒரு பட்டியல். அதுவும் விநியோகக்காரர் கையிருப்பில் என்ன இருக்கிறதோ அந்தப் பட்டியல். அதே காசில் ஒரு பங்கை ஒதுக்கி, செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு நூலகரையும் இரண்டு வாசகரையும் பஸ்ஸில் அனுப்பிவைத்தால் போதும். அன்பளிப்பாக வருவதையும் தேர்ந்தெடுத்து வாங்கும் உரிமையை நூலகருக்குக் கொடுங்கள். கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு தலைப்புக்கு இரண்டு பிரதிக்கு மேல் வேண்டாம்.

நூலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பற்றியும் எழுத நினைத்தேன். மலையிலிருந்து இறங்கிக் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வருபவருக்குப் பூட்டிய கதவுதான் தெரிகிறது. அது இன்னொரு கடிதம்.

பகுதி வாரியாக எத்தனை நூல் உண்மையில் இருக்கிறது, எந்த ஆண்டு அச்சு, போன ஆண்டில் எத்தனை தடவை இரவல் போனது: இந்த மூன்றையும் கணக்கெடுத்து நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாளில் பதில் தர வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டு வாங்குவதைவிட நீங்களாகவே ஒட்டினால் உங்களுக்கும் அழகு, எனக்கும் ஒரு விண்ணப்பத் தாள் மிச்சம். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் வருகிறேன். பத்தனை கல்வியியல் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவங்களை இலவசமாக அடித்துத் தருகிறேன்.

கடைசியாக ஒரு சின்ன அனுமதி. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, மூன்று கோடு கிழித்து, நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் நிரலில் திகதி, இரண்டாவதில் வாசகர் கேட்டது என்ன, மூன்றாவதில் கிடைத்ததா இல்லையா. பேர் எழுத வேண்டியதில்லை. இரவல் மேசையில் கொப்பியைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டால் வருகிறவர்களே எழுதிவிட்டுப் போவார்கள். சபையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மேசையில் எதையும் வைக்க முடியாது என்று நூலகர் சொல்கிறார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தக் கொப்பி இப்போது அவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. முதல் வரியில் நான் எழுதிவைத்தது: உயர்தர உயிரியல், புதிய பாடத்திட்டம், தமிழ். இல்லை.

அடுத்த மாதச் சபைக் கூட்டத்தில் அந்த அனுமதியைத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நூலகத்துக்கு எதிர்க் கடைக்காரன்